நிழற்படக் கோப்பில் உறையும் மீதரவு: வாசித்தலும் காத்தலும்

1. முன்னுரை

ஏட்டுச்சுவடிகளோடு பழகியோர், ஒரு சுவடி கைக்கு வந்ததும் அதன் இறுதி ஏட்டையே முதலில் நாடுவர். நூல் முடிந்த இடத்தில், அதனைப் படியெடுத்தவர் யார், எவர் பொருட்டு எழுதினார், எந்த ஆண்டில், எந்த மாதத்தில், எந்த நாளில் எழுதி நிறைவு செய்தார் என்னும் செய்திகள் சில வரிகளில் அமைந்திருப்பதுண்டு. அக்குறிப்பு நூலின் பகுதியன்று. ஆயினும் அது இல்லாத சுவடியின் காலத்தைக் கணிப்பது எத்துணை அரிய பணி என்பதைப் பதிப்பாசிரியர்கள் நன்கறிவர்.

தாளில் அச்சிட்ட பழைய நிழற்படங்களுக்கும் இத்தகைய இறுதி ஏடு ஒன்று இருந்தது. அதுவே படத்தின் பின்புறம். நிழற்பட நிலையத்தின் முத்திரை, பென்சிலால் எழுதிய ஊர்ப்பெயர், படத்தில் உள்ளோர் பெயர் வரிசை ஆகியன அங்கே இடம்பெற்றன. இக்கட்டுரையாளர் முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டு வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களில் மலாயாத் தோட்டங்களின் படங்களைப் பார்த்த காலத்தில், படத்தின் முன்புறத்தைக் காட்டிலும் பின்புறத்தைப் படிப்பதற்கே மிகுதியான நேரம் செலவிட நேர்ந்தது.

இன்று நம் கைகளில் உள்ள மின்னிலக்க நிழற்படத்திற்குப் பின்புறம் இல்லை. ஆனால் உட்புறம் உண்டு. படக்கருவி ஒரு காட்சியைப் பதிவு செய்யும்பொழுதே எடுக்கப்பட்ட நாள், நேரம், கருவியின் பெயர், சில வேளைகளில் இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு ஆகியவற்றையும் அதே கோப்பிற்குள் எழுதிவிடுகிறது. தரவைப் பற்றிய இத்தரவினை மீதரவு என்பர். இம்மீதரவினை எவ்வாறு வாசிப்பது, அதனை எந்த அளவிற்கு நம்பலாம், தமிழில் அதனை எழுதி எவ்வாறு காப்பது ஆகிய மூன்று வினாக்களுக்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

இவ்வினாக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் உடனடித் தேவை உடையவை. இக்கட்டுரையாளர் வசிக்கும் சுபாங் ஜெயா, சீபீல்டு தோட்டத்து நிலத்தில் 1976 ஆம் ஆண்டு முதல் உருவாகத் தொடங்கிய நகராகும். 2020 அக்டோபர் 20 ஆம் நாள் அது மாநகர் என்னும் தகுதியையும் பெற்றது. இன்று அந்நிலத்தில் தோட்டத்தை நினைவூட்டுவன, அதன் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளி, கோயில் போன்ற சிலவே. பிற தோட்டங்கள் பலவற்றின் இறுதி ஆண்டுகளோ, மின்னிலக்கப் படக்கருவி நம் இல்லங்களுக்குள் நுழைந்த காலத்தோடு ஒன்றிப் போயின. ஆகவே அத்தோட்டங்களின் கடைசிச் சான்றுகள் பல, குடும்பத்தார் எடுத்த மின்னிலக்கப் படங்களாகவே எஞ்சியுள்ளன. அவை எடுக்கப்பட்ட நாளை இழந்துவிடின், படம் இருந்தும் சான்று இல்லாத நிலை உண்டாகும்.

2. மீதரவின் மூவகை

ஒரு நிழற்படக் கோப்பினுள் பொதுவாக மூவகை மீதரவு இடம்பெறும்.

முதலாவது எக்சிஃப் என்பதாகும். ஜப்பானிய மின்னணுத் தொழில்துறை அமைப்பு 1995 இல் வெளியிட்ட இத்தரம், படக்கருவி தானே எழுதும் குறிப்புகளுக்கு உரியது. எடுத்த நேரம், கருவியின் வகை, ஒளி புகும் அளவு, திறப்பின் வேகம், புவியிடக் குறிப்பு முதலியன இதனுள் அடங்கும்.

இரண்டாவது ஐ.பி.டி.சி. எனப்படுவது. செய்தி நிறுவனங்கள் தமக்குள் படங்களைப் பரிமாறிக்கொள்ளும் பொருட்டு 1991 இல் வகுக்கப்பட்ட தரத்திலிருந்து இது பிறந்தது. படவிளக்கம், எடுத்தவர் பெயர், ஊர், திறவுச்சொற்கள், உரிமைக் குறிப்பு என மனிதர் எழுத வேண்டிய பகுதிகள் இதில் உள்ளன.

மூன்றாவது எக்ஸ்.எம்.பி. என்பதாகும். அடோபி நிறுவனம் 2001 இல் அறிமுகப்படுத்திய இவ்வடிவம் 2012 இல் பன்னாட்டுத் தர அமைப்பின் ஏற்பினைப் பெற்றது. மேற்கூறிய இருவகைச் செய்திகளையும் இது ஏற்றுக்கொள்ளும். முழுமையும் ஒருங்குறியில் அமைந்தது.

சுருங்கக் கூறின், எக்சிஃப் என்பது கருவியின் சாட்சியம். மற்றவை மனிதரின் சாட்சியம். கருவி நேரத்தைச் சொல்லும். படத்தில் நிற்பவர் யார் என்பதைச் சொல்லாது. மனிதர் பெயரைச் சொல்வர். ஆனால் ஆண்டினை மறப்பர். ஆய்வாளருக்கு இவ்விரண்டும் ஒருசேரத் தேவைப்படுகின்றன.

3. வாசித்தல்: மூன்று நேரங்கள்

மீதரவினைக் காண்பதற்குத் தனித்திறன் வேண்டுவதில்லை. விண்டோஸ் கணினியில் கோப்பின் மீது வலப்பக்கச் சொடுக்கிட்டுப் பண்புகள் என்பதையும், அதனுள் விவரங்கள் என்பதையும் தேர்ந்தால் முதன்மையான செய்திகள் தோன்றும். முழுமையாகக் காண விரும்புவோர், பில் ஹார்வி என்பார் 2003 ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கிவரும் எக்சிஃப்டூல் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தலாம்.

ஆயினும் காண்பது வேறு, வாசிப்பது வேறு. எக்சிஃப் பகுதியில் ஒன்றல்ல, மூன்று நேரங்கள் உள்ளன என்பதை முதலில் அறிதல் வேண்டும். அவை, காட்சி எடுக்கப்பட்ட நேரம், அது மின்னிலக்கமாக்கப்பட்ட நேரம், கோப்பு இறுதியாக மாற்றப்பட்ட நேரம் என்பனவாகும். படக்கருவியில் எடுத்த படத்திற்கு முதலிரண்டும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் 1960 ஆம் ஆண்டுப் படமொன்றினை இன்று வருடியில் இட்டுப் படியெடுத்தால், வருடி எழுதும் நேரம் இன்றைய நேரமே. அதனைப் படத்தின் காலமாகக் கொள்வது, நூலைப் படியெடுத்தவர் காலத்தை நூலாசிரியர் காலமாகக் கொள்வதனை ஒக்கும். இவை மூன்றுமன்றி, கணினி தன் பட்டியலில் காட்டும் கோப்பின் நாள் என்பது மற்றொன்று. கோப்பினைப் படியெடுக்கும்பொழுதோ இறக்கும்பொழுதோ அது மாறிவிடக்கூடும். மாணவர் பலர் இதனையே எடுக்கப்பட்ட நாள் என மயங்குகின்றனர்.

அடுத்து நோக்கத்தக்கது, அந்நேரம் எந்த நாட்டு நேரம் என்பது. எக்சிஃப் தரம் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல், கருவியின் கடிகாரம் காட்டும் நேரத்தை எழுத இடம் இருந்ததேயன்றி, அது எந்த நேர வலயத்தைச் சார்ந்தது என்பதை முறையாக எழுத இடமில்லை. அதற்கான பகுதி 2016 இல் வெளிவந்த 2.31 ஆம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. மலேசியாவிலிருந்து தமிழகத்திற்குக் களப்பணிக்குச் செல்பவர் கருவியின் கடிகாரத்தை மாற்றாவிடின், காலை 6 மணிப் பூசை 8.30 மணிப் பூசையாகப் பதிவாகும். நள்ளிரவை ஒட்டிய நிகழ்ச்சியாயின் நாளே மாறிவிடும்.

இச்சிக்கல் நமக்குப் புதியதன்று. சுவடியின் இறுதிக் குறிப்பில் பிரபவ முதலாகிய அறுபது ஆண்டுப் பெயர்களுள் ஒன்று மட்டும் இருப்பின், அது எந்தச் சுற்றைச் சார்ந்தது என்னும் ஐயம் எழும். கொல்லம் ஆண்டும் உடன் குறிக்கப்பட்டிருந்தால் ஐயம் நீங்கும். கருவியின் நேரமும் அவ்வாறே; அதனை உறுதி செய்யப் பிறிதொரு சான்று துணைநிற்றல் வேண்டும்.

அத்துணைச் சான்று பெரும்பாலும் படத்திற்குள்ளேயே கிடைக்கும். பத்துமலையில் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. 272 படிகளுக்கும் பல வண்ணம் பூசப்பட்டது 2018 ஆகஸ்டில். ஆகவே வண்ணப் படிகள் தெரியும் படமொன்றின் மீதரவு 2011 எனக் காட்டினால் கருவியின் கடிகாரம் பிழையானது என்று துணியலாம். அவ்வாறே பிரிக்பீல்ட்ஸில் லிட்டில் இந்தியா முறையாகத் திறந்து வைக்கப்பட்டது 2010 அக்டோபர் 27 ஆம் நாள். அதன் அலங்கார வளைவுகள் தெரியும் தெருக்காட்சியை 2003 ஆம் ஆண்டினதாகக் கொள்ள இயலாது. கல்வெட்டின் எழுத்தமைதியைக் கொண்டு அதில் உள்ள ஆண்டினைச் சரிபார்க்கும் முறையே இங்கும் பயன்படுகின்றது.

4. ஒரு களப்பணிச் சான்று

இம்முறையின் பயனை விளக்க, இக்கட்டுரையாளர் நேரில் கண்ட நிகழ்வொன்றைக் குறிப்பிடலாம். சிலாங்கூர் மாநிலத்துத் தோட்டமொன்றின் வரலாற்றை இளங்கலை ஆய்வேட்டிற்கு எடுத்துக்கொண்ட மாணவி ஒருவர், அத்தோட்டத்தில் முன்பு வாழ்ந்த குடும்பத்தாரிடமிருந்து இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்களைப் புலனம் வழியாகப் பெற்றிருந்தார். லயத்து வீடுகள், பள்ளி விளையாட்டுப் போட்டி, மாரியம்மன் கோயில் திருவிழா எனச் செறிவான தொகுப்பு அது. எனினும் ஒரு படத்திலும் எடுக்கப்பட்ட நாள் இல்லை. கணினி காட்டியதெல்லாம் அவை மாணவியின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்த நாளே.

நேர்காணலில் பெரியவர்கள் பலரும் 2004 ஆம் ஆண்டு ஆடித் திருவிழாவே தோட்டத்தின் கடைசித் திருவிழா எனக் கூறினர். மாணவியும் அவ்வாறே எழுதியிருந்தார். அதனை மறுப்பதற்கு அப்பொழுது யாதொரு காரணமும் இல்லை.

பின்னர், படம் எடுத்தவரின் வீட்டு அலமாரியில் அவற்றின் மூலக் கோப்புகள் அடங்கிய குறுந்தட்டு ஒன்று கிடைத்தது. அதிலிருந்த கோப்புகளில் எக்சிஃப் மீதரவு சிதையாமல் இருந்தது. ஆனால் எல்லாப் படங்களும் 2000 ஆம் ஆண்டினைக் காட்டின. மின்கலம் தீர்ந்து மாற்றப்பட்ட வேளையில் கருவியின் கடிகாரம் அதன் தொடக்க நாளாகிய 2000 ஜனவரி 1 ஆம் நாளுக்குத் திரும்பியிருக்கிறது. அதனை எவரும் திருத்தவில்லை. மாணவி மனம் தளர்ந்தார். உண்மையில் அத்தரவு பயனற்றதன்று. கடிகாரம் காட்டிய நாள் தவறேயாயினும், அது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு படத்திற்கும் மற்றொரு படத்திற்கும் இடைப்பட்ட நாள்களை அது சரியாகவே எண்ணி வந்திருக்கிறது. ஆகவே தொகுப்பில் ஒரே ஒரு படத்தின் உண்மையான நாள் தெரிந்தாலும் ஏனைய அனைத்தின் நாளையும் கணக்கிட்டுவிடலாம்.

லயத்து வீட்டின் உட்புறத்தைக் காட்டும் படமொன்றில், சுவரில் தொங்கிய நாள்காட்டியில் 2005 மே 22, ஞாயிற்றுக்கிழமை எனத் தெளிவாகத் தெரிந்தது. அப்படத்தின் மீதரவு 2000 ஜனவரி 9 எனக் காட்டியது. இடைவெளி 1960 நாள்கள். நாள்காட்டித் தாளைக் கிழிக்க மறக்கும் வீடுகளும் உண்டாதலின் இஃது ஒன்றே போதிய சான்றாகாது. எனவே இரண்டாவது சான்று தேடப்பட்டது. பள்ளி விளையாட்டுப் போட்டியின் பதாகையில் 2005 ஜூன் 25 என அச்சிடப்பட்டிருந்தது. அப்படத்தின் மீதரவு 2000 பிப்ரவரி 12. இங்கும் இடைவெளி 1960 நாள்களே. இரண்டும் ஒத்தமையால் கணக்கு உறுதிப்பட்டது.

திருவிழாப் படங்களின் மீதரவு 2000 மார்ச் 26 எனக் காட்டியது. கோப்புகளின் வரிசை எண்ணும் நேரமும் முறையே ஏறிச் சென்றதால், இடையில் கடிகாரம் மீண்டும் தொடக்கத்திற்குத் திரும்பவில்லை என்பதும் தெளிவாயிற்று. 1960 நாள்களைக் கூட்டக் கிடைத்த நாள் 2005 ஆகஸ்ட் 7. அது ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை.

ஆகவே 2004 ஆம் ஆண்டோடு திருவிழா நின்றுவிடவில்லை. நேர்காணலில் பேசியோர் முதலில் வெளியேறிய குடும்பத்தினர். அவர்கள் கண்ட கடைசித் திருவிழா 2004 இல் நிகழ்ந்தது. அவர்களின் கூற்று பொய்யன்று. ஆனால் அதன் பின்னரும் சில குடும்பங்கள் அங்கே தங்கி, தேர் இழுத்து, கூழ் வார்த்திருக்கின்றன. குறுந்தட்டு கிடைத்திராவிடின் அந்த ஓராண்டும் அதில் வாழ்ந்தோரும் ஆய்வேட்டில் இடம்பெறாமலேயே போயிருப்பர். மாணவி அக்குடும்பங்களைத் தேடிச் சென்று மீண்டும் நேர்காணல் செய்ய வேண்டியதாயிற்று.

5. சான்றும் அதன் எல்லையும்

மீதரவு வரலாற்றாய்விற்கு மட்டுமன்றி நீதி சார்ந்த ஆய்விற்கும் பயன்படுகின்றது. நம் நாட்டின் 1950 ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தில் 1993 இல் சேர்க்கப்பட்ட 90ஏ பிரிவு, கணினி உருவாக்கும் ஆவணங்களைச் சான்றாக ஏற்பதற்கு வழிவகுத்தது. எனினும் மீதரவு தனித்து நின்று தீர்ப்புச் சொல்லும் தகுதியுடையதன்று. இதனைத் தெளிவிக்க நிழற்படத்திற்கு மிக நெருங்கிய காணொளித் துறையிலிருந்து ஒரு சான்று காட்டலாம்.

இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், கைகள் கட்டப்பட்ட நிலையில் சிலர் சுட்டுக் கொல்லப்படுவதாகக் காட்டும் காணொளியொன்றைப் பிரித்தானியாவின் சேனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியது. அக்காட்சி 2009 ஜனவரியில் பதிவானதாகக் கூறப்பட்டது. இலங்கை அரசு அதனைப் போலியானது என மறுத்தது. ஐக்கிய நாடுகள் அவையின் சட்டத்திற்குப் புறம்பான கொலைகள் பற்றிய சிறப்பு அறிக்கையாளராக இருந்த பிலிப் ஆல்ஸ்டன், தடய மருத்துவம், காணொளிப் பகுப்பாய்வு, துப்பாக்கித் தடயம் ஆகிய துறைகளைச் சார்ந்த மூன்று வல்லுநர்களைக் கொண்டு அதனை ஆராயச் செய்து 2010 ஜனவரியில் முடிவினை வெளியிட்டார். காணொளி உண்மையானதாகவே தோன்றுகிறது என்பது அவர் முடிவு. அதே வேளையில், வல்லுநர்களால் விளக்க இயலாத சில கூறுகள் உள்ளன என்பதையும் அவர் மறைக்கவில்லை. கோப்பினுள் பதிவாகியிருந்த 2009 ஜூலை 17 என்னும் நாள் அவற்றுள் ஒன்று.

இந்நிகழ்வு உணர்த்தும் பாடம் முறையியல் சார்ந்தது. கோப்பினுள் உள்ள நாள் கூறப்பட்ட காலத்தோடு முரண்படுகிறது என்பதனாலேயே சான்று முழுவதையும் தள்ளிவிடவில்லை. முரண்பாட்டை மூடி மறைக்கவும் இல்லை. கடிகாரம் பிழையாக இருந்திருக்கலாம். கோப்பு பின்னர் படியெடுக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்திருக்கலாம். ஆகவே காயங்களின் தன்மை, ஒலி, அசைவு முதலிய பிற சான்றுகளோடு ஒப்புநோக்கியே முடிவு காணப்பட்டது. உயிர்ப்பலி பற்றிய வினாவிற்கு வேண்டப்படும் இந்நிதானம், ஒரு தோட்டத் திருவிழாவின் நாளைக் கணிப்பதற்கும் வேண்டும்.

6. தமிழில் எழுதுதல்: ஒரு பைட்டின் சிக்கல்

கருவி எழுதாதவற்றை மனிதர் எழுத வேண்டும் எனக் கண்டோம். அதனைத் தமிழில் எழுதினால் நிலைக்குமா என்பது தமிழாசிரியர் அடிக்கடி எழுப்பும் வினா.

எக்சிஃப் தரத்தில் படவிளக்கத்திற்கு உரிய பகுதி நெடுங்காலம் ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி முறையை மட்டுமே ஏற்றது. பயனர் குறிப்பு என்னும் ஒரு பகுதியில் ஒருங்குறிக்கு இடமிருந்தது. எனினும் அதனை எல்லா மென்பொருள்களும் ஒரே வகையில் கையாண்டதில்லை. 2023 இல் வெளிவந்த 3.0 ஆம் பதிப்பிலேயே யு.டி.எஃப்-8 குறியேற்றத்திற்கு முறையான இடம் அளிக்கப்பட்டது.

பழைய ஐ.பி.டி.சி. வடிவத்தில் சிக்கல் வேறு வகையினது. அங்கு ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பைட்டுகள் என்னும் வரம்பு உண்டு. ஊர்ப்பெயருக்கு 32, எடுத்தவர் பெயருக்கு 32, ஒரு திறவுச்சொல்லுக்கு 64, படவிளக்கத்திற்கு 2000 என்பன அவ்வரம்புகள். ஆங்கில எழுத்து ஒன்றிற்கு ஒரு பைட்டு போதும். யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றிற்கு மூன்று பைட்டுகள் வேண்டும். மேலும் ‘சு’ என்னும் ஓரெழுத்து, கணினிக்குச் சகரமும் உகரக் குறியுமாகிய இரு குறிகளாகும். ‘ர்’ என்பது ரகரமும் புள்ளியுமாகிய இரு குறிகளாகும்.

இதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ‘சுபாங் ஜெயா’ என்னும் பெயரில் பத்துத் தமிழ்க் குறிகளும் ஓர் இடைவெளியும் உள்ளன; மொத்தம் 31 பைட்டுகள். ஊர்ப்பெயர்ப் பகுதியில் அது மயிரிழையில் அடங்கிவிடுகிறது. ‘கோலாலம்பூர்’ என்பதில் பதினொரு குறிகள் உள்ளன. மொத்தம் 33 பைட்டுகள். வரம்பினை ஒரே ஒரு பைட்டு மீறுகிறது. வரம்பைக் கண்டிப்பாகப் பின்பற்றும் மென்பொருள் அதனை வெட்டும்பொழுது இறுதிப் புள்ளி சிதைகிறது. நாட்டின் தலைநகர் பெயரைத் தமிழில் முழுமையாக எழுத அப்பகுதியில் இடமில்லை என்பது வியப்பிற்குரியதே. ‘பிரிக்பீல்ட்ஸ்’ என்பதற்கோ 42 பைட்டுகள் வேண்டும். இவையன்றி, எழுதப்பட்டது ஒருங்குறி என அறிவிக்கும் குறிப்பும் கோப்பில் இருத்தல் வேண்டும். அஃது இல்லையெனில் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

இத்தடைகள் எக்ஸ்.எம்.பி. வடிவத்தில் இல்லை. அது தொடக்கம் முதலே ஒருங்குறியில் அமைந்தது. மேற்குறித்த பைட்டு வரம்புகளும் அதற்கு இல்லை. ஆகவே தமிழில் படவிளக்கம் எழுதுவோர், தம் மென்பொருள் அதனை எக்ஸ்.எம்.பி. பகுதியில் எழுதுகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுதல் இன்றியமையாதது. ஒரு படத்தில் எழுதிச் சேமித்து, மற்றொரு மென்பொருளில் திறந்து பார்ப்பதே அதற்கு எளிய சோதனை.

இங்கு மற்றொரு செய்தியும் குறிக்கத்தக்கது. ஒருங்குறி பரவலாவதற்கு முன்னர் நாம் டிஸ்கி, டாப், டாம் முதலிய பல குறியேற்றங்களில் தட்டச்சு செய்து வந்தோம். 2000 ஆம் ஆண்டையொட்டி அவ்வகையில் எழுதப்பட்ட படவிளக்கங்கள் இன்று படிக்க இயலாத குறிகளாகத் தோன்றும். அவற்றைப் பழுதுற்றவை என அழித்துவிடலாகாது. உரிய குறியேற்றத்தைக் கண்டறிந்து ஒருங்குறிக்கு மாற்றினால் அவை மீண்டும் தமிழாகிவிடும்.

7. இழப்பு நேரும் இடங்கள்

மீதரவு பெரும்பாலும் யாரும் அழிக்காமலேயே அழிகின்றது. புலனத்தில் படமாக அனுப்பப்படும் கோப்பு சுருக்கப்படுகின்றது. அப்பொழுது எடுத்த நேரம், கருவி, இடம் ஆகியவை நீக்கப்படுகின்றன. அதே கோப்பினை ஆவணம் என்னும் வழியில் அனுப்பினால் அது மாறாமல் சென்று சேரும். முகநூல் முதலிய தளங்களும் பதிவேற்றப்படும் படத்திலிருந்து பெரும்பாலான மீதரவினை அகற்றிவிடுகின்றன. கைப்பேசித் திரையைப் படம்பிடித்து அனுப்பும்பொழுது, திரையைப் பிடித்த நேரமே எஞ்சும்.

மற்றோர் இழப்பு நுண்மையானது. இணையவழிப் படத்தொகுப்புச் சேவைகளில் நாம் எழுதும் விளக்கமும், முகங்களுக்கு இடும் பெயர்களும் பல வேளைகளில் கோப்பினுள் எழுதப்படுவதில்லை. அச்சேவையின் தரவுத்தளத்திலேயே தங்கிவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, கூகுள் போட்டோஸ் சேவையிலிருந்து தொகுப்பு முழுவதையும் ஏற்றுமதி செய்யும்பொழுது நாம் எழுதிய விளக்கம் படத்திற்கு அருகே தனிக் கோப்பாக வரும். அதனைத் தேவையற்றதெனக் கருதி நீக்கிவிட்டால் உழைப்பு வீணாகும்.

8. காத்தல்: சில நடைமுறைகள்

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 ஆம் ஆண்டு முதல் தொகுத்த தென்னிந்தியக் கோயில் நிழற்படங்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவை. அவை இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுவதற்கு அவற்றின் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தப் படிமம் என்பது அறியக்கூடியதாய் இருத்தலே காரணம். பள்ளியளவிலும் குடும்பத்தளவிலும் நாம் அதனையே சிறிய அளவில் செய்யலாம். அதற்கான நடைமுறைகள் வருமாறு:

அ) மூலக் கோப்பினை மாற்றாமல் தனியே வைத்தல். விளக்கம் எழுதுதல், நாள் திருத்துதல் ஆகியவற்றைப் படியில் மட்டுமே செய்தல் வேண்டும். எக்சிஃப்டூல் இயல்பாகவே மூலத்தின் படியொன்றை விட்டுவைக்கும்.

ஆ) படங்களைப் பெறும்பொழுது விரலி அல்லது வன்தட்டு வழியாகப் பெறுதல். புலனமே வழியெனில் ஆவணமாக அனுப்பும்படி கேட்டல்.

இ) படவிளக்கத்தில் யார், எங்கே, எப்பொழுது, எந்நிகழ்ச்சி என்னும் நான்கினையும் எழுதுதல். பெயர்களைத் தமிழிலும் அடையாள அட்டையில் உள்ள உரோமன் எழுத்திலும் தருதல். ஒரே பெயர் நம் நாட்டில் பலவாறாக உரோமன் எழுத்தில் எழுதப்படுவதால் இது தேவையாகின்றது.

ஈ) படம் எடுக்கப்பட்ட இடத்தையும், படத்தில் காட்டப்படும் இடத்தையும் வேறுபடுத்தல். கேரித் தீவுத் தோட்டத்தின் பழைய படமொன்றைக் கிள்ளானில் உள்ள வீட்டில் வைத்துப் படியெடுத்தால், கருவி கிள்ளானையே பதிவு செய்யும். ஐ.பி.டி.சி.யின் பிற்கால விரிவாக்கத்தில் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன.

உ) கணித்தறிந்த நாளைக் கணித்தது என்றே எழுதுதல். ‘2005 ஆகஸ்ட் 7, நாள்காட்டியையும் பள்ளிப் பதாகையையும் கொண்டு கணித்தது’ என ஒரு வரி சேர்த்தால், பின்வருவோர் அதனைச் சரிபார்க்கவும் மறுக்கவும் இயலும்.

ஊ) தொகுப்பினைக் குறைந்தது இரண்டு இடங்களில் வைத்தல். குறுந்தட்டுகள் காலப்போக்கில் படிக்க இயலாதவையாகிவிடும் என்பதால் அவற்றில் உள்ளவற்றை விரைந்து மாற்றுதல்.

9. மறைக்க வேண்டுவன

காத்தல் என்பது அனைத்தையும் வெளியிடுதல் அன்று. கைப்பேசிப் படங்களில் இடம்பெறும் புவியிடக் குறிப்பு சில மீட்டர் அளவிற்கு நுட்பமானது. 2012 டிசம்பரில் தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்கஃபி குவாத்தமாலாவில் இருப்பது, செய்தியாளர் வெளியிட்ட ஒரு படத்தின் புவியிடக் குறிப்பினாலேயே வெளிப்பட்டது. அத்தகைய குறிப்போடு மாணவர்தம் படங்களைப் பகிர்ந்தால் அவர்களின் வீடும் வெளிப்படும். ஆகவே காப்பகப் படியில் புவியிடக் குறிப்பினை வைத்துக்கொண்டு, பிறர்க்கு வழங்கும் படியில் மட்டும் அதனை நீக்குதலே தக்கது. முற்றிலும் அழித்தல் ஒரு பிழை. முற்றிலும் திறந்துவிடல் மற்றொரு பிழை.

10. முடிவுரை

மீதரவு கருவி சொல்லும் சாட்சியம். அது பிழைபடக்கூடும், எனினும் பிழையான கடிகாரத்திலிருந்தும் உண்மையான நாளைப் பெற இயலும் என்பதை மேற்கண்ட களப்பணிச் சான்று காட்டுகின்றது. கோப்பினை உரியவாறு பெறாமையாலும், பெற்ற பின்னர் எழுதாமையாலுமே அச்சாட்சியம் இழக்கப்படுகின்றது. பெயரறிந்த பெரியவர்கள் நம்மிடையே உள்ள காலம் குறுகியது. தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் பள்ளியின் பழைய படங்களுள் பத்தினை மட்டும் இவ்விடுமுறையில் எடுத்து, அவற்றில் நிற்போர் பெயரை அறிந்தவர் அருகில் அமர்ந்து, கோப்பினுள் தமிழில் எழுதுவாராயின் அதுவே நற்றொடக்கமாகும். ஏட்டின் இறுதியில் தம் பெயரையும் நாளையும் எழுதி வைத்தோர், அதனை யார் படிப்பர் என்பதை அறிந்திருக்கவில்லை. எழுதி வைத்தமையால் இன்று நாம் படிக்கின்றோம்.